ஏழாங் காம்பராவின் பெயர்

ரெஜினாவின் குரலை அடைத்தவன் நான்தான்.

மைக் பழுதாகவில்லை. வயர் கழலவில்லை. அவள் பயந்துபோய் மைக்கை விட்டு விலகவும் இல்லை... அந்தக் கதையைக் கட்டிப் பரப்பியவனும் நான்தான். ஒரு விரலால் அவளுடைய குரலைக் கீழே இழுத்தேன். தெரிந்தே இழுத்தேன்.

இதை எழுதும்போது ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. வெளியே ஹட்டன் தூறல் வழக்கம்போல் பெய்துகொண்டிருக்கிறது. தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

நீங்கள் என்னை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். மேடையில் அல்ல. மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவே, பொத்தான்கள் நிறைந்த மேசைக்குப் பின்னால் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவன் நிற்பானே, அவன். பாட்டு நன்றாக இருந்தால் பாடியவரைப் புகழ்வீர்கள். ஸ்பீக்கர் கீச்சென்று கத்தினால் மட்டும் திரும்பி என்னை முறைப்பீர்கள். என் தொழிலின் கௌரவம் அவ்வளவே! சவுண்ட்காரன் சீலன் என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் தெரியும்.

“நீங்க பாத்ததுலேயே பெஸ்ட் ஷோ எது?” என்று ராக் இசைப் பைத்தியம் பிடித்த பையன்கள் என்னிடம் கேட்பார்கள். என்னிடம் தயாராகப் பதில் உண்டு. கொழும்பில் திறந்த வெளியில் நடந்த ஒன்று. கொட்டும் மழையில் ஒருவரும் கலையவில்லை. ட்ரம்ஸ்காரன் அடித்த ஒவ்வொரு அடிக்கும் தோல் மேலிருந்து தண்ணீர் தெறித்தது. கண்டியில் இன்னொன்று. கிட்டார்க்காரனின் கம்பி அறுந்தது. மிச்சக் கம்பிகளை வைத்துக்கொண்டே அவன் அந்த நீண்ட வாசிப்பை முடித்தான், கூட்டம் பேயாய்க் கத்தியது. நுவரெலியாவில், ஏப்ரல் சீசனில், ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பாடினார்கள். பாடகன் கத்தக் கத்த வாயிலிருந்து ஆவி பறந்தது. இவற்றைச் சொல்வேன். பையன்கள் வாய் பிளப்பார்கள்.

எல்லாம் உண்மைதான். ஆனால் பதில் பொய். நான் பார்த்ததிலேயே சிறந்தது ஹட்டனில் ஒரு மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பாதியில் நின்றுபோன ஒரு பாட்டு. நின்றுபோனதா? பார்த்தீர்களா, இப்போதும் நழுவுகிறேன்... நிறுத்தினேன்.

ரெஜினா எங்கள் பக்கத்துக் காம்பரா. திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் லயம், தொழிலாளர் குடியிருப்பு. எட்டுக் காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள், ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கிடக்கும். ஏழாவது எங்களுடையது, எட்டாவது அவர்களுடையது. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரை எட்டாது. அவள் அழுதால் எனக்குக் கேட்கும், நான் அடி வாங்கினால் அவளுக்குக் கேட்கும். என்னை “அண்ணே” என்பாள். என் அம்மா அவளுக்குப் பெரியம்மா. பாட்டுக் குழுவில் கிட்டார் பழகினாள். மாதா கோயிலில் மெதுவாக வாசிக்கச் சொன்னால் மெதுவாக வாசிப்பாள். பாதர் அந்தப் பக்கம் போனதும் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஆரம்பிப்பாள் பாருங்கள்... புறா எல்லாம் பறக்கும்!

என்னை முதன்முதலில் மிக்சரை, அந்தப் பொத்தான் மேசையை, தொட வைத்தவளும் அவள்தான். “அண்ணே, நா பாடுறேன், நீங்க சத்தத்தப் பாத்துக்குங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது.

அவளுடைய அம்மா ஞானம்மா ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் “ரெஜினா அம்மா போயிட்டாளே” என்றே அழுதார்கள். ரெஜினாவுக்கு அது உறுத்தியது. எங்கள் பக்கம் பெண்களை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? இன்னார் அம்மா, இன்னார் பொஞ்சாதி. வயதில் இளையவர்கள் பெயரைச் சொல்லிவிட்டால் வாயில் அடி விழும். பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போதாவது பெயர் வருமா என்றால், அங்கே பெரும்பாலும் நம்பர்தான். கொழுந்து நிறுக்கிற இடத்திலும் நம்பர்தான்.

அதிலிருந்து அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். வேகமான, கரடுமுரடான ராக் பாட்டு, எங்கள் லயத்துப் பேச்சிலேயே.

“நம்பரு போட்டது போதுமுங்க... வாயத் தொறந்து பேரச் சொல்லு!”

கடைசியில் கிட்டார் அடங்கிவிடும். ட்ரம்ஸ் மட்டும் ஒலிக்கும். அவள் முதலாம் காம்பராவிலிருந்து ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் பெரட்டில் கூப்பிடுவது போலக் கூவுவாள். அந்தப் பெண் கூட்டத்திலிருந்து “இருக்கேன்!” என்று பதில் கத்த வேண்டும். எட்டாவது பெயர் ஞானம்மா. அதற்கு மட்டும் எல்லாப் பெண்களும் சேர்ந்து “இருக்கேன்!” என்று கத்த வேண்டும். இறந்தவளுக்காக!

காம்பரா காம்பராவாகப் போய் அனுமதி கேட்டாள். என் அம்மா சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அடியே, வயசுக்கு மூத்தவள பேரு சொல்லிக் கூப்புடுவியா நீயி?”

“மைக்குல மட்டுந்தான் பெரியம்மா. எறங்கி வந்து கால்ல விழுந்துர்றேன்.”

“சரி சரி... எம் பேரு எத்தனாவதா வரும்?”

செபமாலை. என் அம்மாவின் பெயர் அது. கோயில் முற்றத்தில் ஒத்திகை பார்த்தபோது அந்தப் பெயர் ஸ்பீக்கரில் வந்ததும் அம்மா எழுந்து நின்று “இருக்கேன்!” என்று கத்தினாரே... அந்தத் தொண்டை அவரிடம் இருந்தது எனக்கே தெரியாது.

இனி என் அசிங்கத்துக்கு வருகிறேன்.

நான் அதற்குள் ஹட்டனுக்கு வந்து, ஒரு சவுண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அறையெடுத்துத் தங்கியிருந்தேன். ஊர் எது என்று கேட்டால் “ஹட்டன் டவுன்” என்பேன். நிர்மலாவோடு எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா டவுனில் ஆணி, பெயின்ட் விற்கும் கடை வைத்திருந்தார். அவரிடம் நான் சொன்னது: அப்பா இல்லை, அம்மா டீச்சராக இருந்தவர், இப்போது நடமாட்டமில்லாமல் உறவுக்காரர் வீட்டில் இருக்கிறார். கல்யாணம் உறுதியானதும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா? தெரியவில்லை. அம்மா அந்த வயதிலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையகப் பிள்ளைகளின் நான்கு பேண்டுகள் வாசித்தன. ரெஜினாவின் பேண்டுக்குக் கடைசி இடம். சவுண்ட் என் பொறுப்பு. நிர்மலாவும் அவளுடைய அப்பாவும் நான் வேலை செய்வதைப் பார்க்க வந்து, என் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் பெருமையோடு பொத்தான்களைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அப்போது மண்டபத்தின் பின்கதவு திறந்தது. எங்கள் லயத்துப் பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். தோட்டத்து லொறியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கல்யாணச் சேலை, தலை நிறையப் பூ. அம்மாவும் இருந்தார். “குளிரு, நீங்க வர வேணாம்மா” என்று நான் சொல்லியிருந்தேன். வந்துவிட்டார். என்னைக் கண்டதும் கையை ஆட்டினார்.

நான் குனிந்து ஒரு வயரைச் சரிசெய்தேன். அந்த வயருக்கு ஒன்றுமில்லை.

மேடைக்கு ஏறும் முன் ரெஜினா என்னிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. காதருகே குனிந்து சொன்னாள்:

“அண்ணே, ஒரு விசயம் புதுசாச் சேத்துருக்கேன். பெரியம்மா பேரு வாறப்ப, ‘சவுண்ட் பாக்குற எங்க சீலண்ணே அம்மா’ன்னு சேத்துச் சொல்லப் போறேன். லைட்ட ஒங்க மேல திருப்பச் சொல்லியிருக்கேன்!”

எனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தாள் அந்தப் பெண்.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை... சிரித்தபடியே சொல்லியிருக்கலாம். “சரிம்மா” என்றேன்.

பாட்டு தொடங்கியது. ஐயோ, அது என்ன பாட்டு! இத்தனை வருடத் தொழிலில் ஒரு மண்டபம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த டவுன் பையன்கள் எழுந்து நின்றார்கள். அவள் குரலில் அழகு காட்டுகிற வேலையே கிடையாது. நேராக வந்து நெஞ்சில் குத்தும். கிட்டார் அடங்கியது. ட்ரம்ஸ் மட்டும் ஒலித்தது.

“ஒண்ணாங் காம்பரா... சிலுவாயி!”

“இருக்கேன்!” பின்னாலிருந்து ஒரு கிழட்டுத் தொண்டை. மண்டபம் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள்.

இரண்டாவது பெயருக்குச் சிரிப்பு நின்றது. மூன்றாவதுக்குக் கைதட்டல். ஐந்தாவது பெயருக்கு மண்டபம் முழுவதும் காலால் தரையை உதைத்தது. என் மேசை அதிர்ந்தது. என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கடைசியாக அன்றுதான் எனக்கு அப்படிச் சிலிர்த்தது.

“ஆறாங் காம்பரா... மூக்காயி!”

“இருக்கேன்!”

நிர்மலாவின் அப்பா என் பக்கம் குனிந்து, “பிரமாதம் தம்பி!” என்றார்.

என் விரல் ரெஜினாவின் குரலை ஏற்றி இறக்கும் குமிழின் மேல் கிடந்தது. கீழே இழுத்தேன்.

ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேடையில் பாடுபவர் காலடியில் சிறிய ஸ்பீக்கர் ஒன்று இருக்கும், மொனிட்டர் என்போம். பாடுபவருக்குத் தன் குரல் அதில்தான் கேட்கும். அது வேறு வழி. நான் இழுத்தது கூட்டத்துக்குப் போகும் வழியை மட்டும். ஆகவே ரெஜினாவுக்குத் தன் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு ட்ரம்ஸ் மட்டுமே கேட்டது.

அவள் “ஏழாங் காம்பரா செபமாலை!” என்று கூவினாள். கையை என் பக்கம் நீட்டினாள். லைட் என் மேல் விழுந்தது. பதில் இல்லை.

மறுபடி கூவினாள். மேடை விளக்கில் கண் கூசியதால் நெற்றியில் கை வைத்துப் பின்வரிசையைத் தேடினாள். அங்கே அம்மா எழுந்து நிற்கத் தயாராக, நாற்காலியின் முனையில், முந்தானையைப் பிடித்தபடி காத்திருந்தார். நான் பார்த்தேன். இரண்டு பேரையும் பார்க்கக்கூடிய இடத்தில் நான் மட்டுமே இருந்தேன்.

மூன்றாவது தடவை கூவியபோது அவளுடைய முகம் மாறிவிட்டது.

அம்மாவின் பெயர் கடந்ததும் குமிழை மேலே ஏற்றிவிடுவதுதான் என் திட்டம். ஒரே ஒரு பெயர்! ஏதோ கோளாறு என்று ஆளுக்கொரு பக்கம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் ஏற்றவில்லை. ஏற்றினால் அவள் திரும்பவும் அம்மாவைக் கூப்பிடுவாள் என்று பயந்தேன்... இல்லை, இதுவும் பொய். அப்போது நான் எதையும் நினைக்கவில்லை. நேரம் இருந்தது. கை போகவில்லை.

அவள் “எட்டாங் காம்பரா ஞானம்மா” என்றாள். உதடுகளை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு தடவைதான். அதற்கும் பதில் இல்லை. அவளைப் பெற்ற தாய்க்காகப் பதில் சொல்ல அத்தனை பெண்களும் அங்கே இருந்தார்கள். ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

ரெஜினா கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். ட்ரம்ஸ்காரன் சிறிது நேரம் தனியாக அடித்துவிட்டு நிறுத்தினான்.

“என்ன தம்பி, மைக் போச்சா?” என்றார் நிர்மலாவின் அப்பா.

“இல்லீங்க. புள்ள பயந்து மைக்க விட்டு வெலகிருச்சு.”

மேடைக்குப் பின்னால் போனேன். அவள் சுவரைப் பார்த்து நின்றாள். “அண்ணே, சவுண்ட் நல்லாத்தானே வந்துச்சு?” என்று கேட்டாள். அப்போதாவது மைக் பழுது என்று பொய் சொல்லியிருக்கலாம். பொய்யில் கூட ஒரு இரக்கம் இருந்திருக்கும். ஆனால் மைக் பழுது என்றால் அது சவுண்ட்காரனின் தவறு அல்லவா? பக்கத்தில் சவுண்ட் கடை முதலாளி நின்றார்.

“நல்லாத்தாம்மா வந்துச்சு” என்றேன்.

அவள் லயத்துக்குத் திரும்பவில்லை. ஹட்டனிலிருந்தே பஸ் ஏறிக் கினிகத்தேனையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். லயத்துப் பெண்கள் பாவம், பிள்ளைக்குப் பாட்டு மறந்துபோய்விட்டது என்று நினைத்து, மனம் நோகக் கூடாதே என்று அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். குரல் கேட்கவில்லையே என்று ஓரிருவர் கேட்டபோது, அவள் விலகி நின்றுவிட்டாள் என்று அவர்களுக்கும் நானே சொன்னேன்.

அன்று லொறியில் ஏறும் முன் அம்மா என்னைத் தேடி வந்தார். நிர்மலாவும் அப்பாவும் அதற்குள் போயிருந்தார்கள்; அதை உறுதிப்படுத்திக்கொண்டுதான் நான் பக்கத்தில் போனேன்.

“தம்பி, ஆறு பேரையும் சொன்னுச்சே... எம் பேரு வந்துச்சாய்யா? எனக்குக் காது கேக்கலயோ?”

“வரலம்மா” என்றேன்.

“ஓ... சரி சரி” என்றார். தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டார்.

சில மாதங்கள் கழித்து நிர்மலாவின் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். குரலைப் பற்றிய உண்மையை அல்ல; லயத்தைப் பற்றியதை. அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “அட, நானும் லயத்துல பொறந்தவந்தான் தம்பி! எங்கம்மாவும் கொழுந்துக் கூட தூக்குனவதான். இதுக்கா இப்புடி மென்னு முழுங்குனீங்க?” என்றார். கல்யாணம் நன்றாகவே நடந்தது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் செய்தது எதற்காக என்று இப்போது காரணம்கூட மிச்சமில்லை.

ஒருமுறை கொழும்புக்கு ஸ்பீக்கர் ஏற்றிப் போகும் வழியில் கினிகத்தேனையில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினோம். சாலையோரத் தையல் கடையிலிருந்து “அண்ணே!” என்று குரல். ரெஜினா! தோளில் அளவு நாடா, பக்கத்தில் பள்ளிச் சீருடைக் குவியல். நலம் விசாரித்தாள். கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“பெரியம்மாவுக்கு இன்னும் எம்மேல கோவமா அண்ணே?”

“என்னாத்துக்கு கோவம்?”

“பேரு சொல்லிக் கூப்புட்டதுக்கு. ஒத்திகையில சிரிச்சாங்க... ஆனா டவுன்ல, அத்தன பேருக்கு முன்னால, அசிங்கமாப் போயிருக்கும். அதான் எந்திரிக்கல. மத்தவங்களும் பெரியம்மாவப் பாத்துட்டு எங்கம்மாவுக்குக்கூட வாயத் தொறக்கல. எந்தப்புதான் அண்ணே. எனக்காக ஒரு மன்னிப்புக் கேட்டுருங்க.”

அவள் மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம்.

“சொல்றேம்மா” என்றேன். தேத்தண்ணீர் குடித்தேன். லொறியில் ஏறினேன். சொல்லவில்லை.

நீங்கள் கேட்கலாம், உனக்கு வலிக்கவில்லையா என்று. மலையில் மார்கழிக் காலையில் பீலியில் வழியும் ஊற்றுத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். வெயில் ஏறி, ரத்தம் திரும்பும்போதுதான் வலிக்கும். எனக்கு அந்த வெயில் இன்னும் வரவில்லை. எவ்வளவோ ஷோ செய்துவிட்டேன். பெரிய பெரிய பேண்டுகள், ஆயிரக்கணக்கில் ஆட்கள், அழுகிறார்கள், ஆடுகிறார்கள்... நான் மீட்டர் முள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மூட்டை தூக்குவது போலத்தான் இதுவும்.

அம்மா இப்போது எங்களோடு ஹட்டனில் இருக்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் சீலன் அம்மா. காது நன்றாகவே கேட்கிறது. எப்போதாவது, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, “அந்தப் புள்ள ஆறு பேரு பேரச் சொன்னுச்சு. நா என்னா கொற வச்சேன் அதுக்கு? பெத்த புள்ளையாட்டந்தானே பாத்தேன்” என்பார். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

இன்னும் ஒன்று பாக்கி. மிக்சரில் ஒவ்வொரு மைக்கும் தனியாகப் பதிவாகும். நான் குமிழைக் கீழே இழுத்தாலும் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. அன்றைய பதிவு என்னிடம் இருக்கிறது. ரெஜினாவின் குரல் மட்டும் தனியாக. பின்னால் எங்கோ ட்ரம்ஸ் கசிகிறது. “ஏழாங் காம்பரா செபமாலை... சவுண்ட் பாக்குற எங்க சீலண்ணே அம்மா!” அத்தனை சந்தோஷம் அந்தக் குரலில். பிறகு “செபமாலை!” பிறகு, மெதுவாக, “செபமாலை...”

நேற்று பிற்பகல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்போன் என் காதில். அம்மா எதிரே கால் நீட்டி உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னாய்யா கேக்குற, பாட்டா?”

“ம். பழைய ஷோ ஒண்ணும்மா.”

“நல்லாருக்கா?”

“நல்லாருக்கும்மா.”

ஹெட்போன் வயரைப் பிடுங்கினால் போதும். அறை முழுவதும் கேட்கும். வயர் என் கைக்கருகில்தான் கிடந்தது. அதே விரலை அதன் மேல் வைத்தேன். காதுக்குள் ரெஜினா என் அம்மாவை இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள்.

விரலை எடுத்துக்கொண்டேன். அம்மா அடுத்த போஞ்சியை எடுத்து நார் உரித்தார்.